3 தீபாவளி ஓடிய படம்... ஜெயிலில் இருந்த ஹீரோ! எம்.கே.தியாகராஜ பாகவதர் விழுந்தது எப்படி?

ஒரு முன்னணி நடிகர் கொலை வழக்கில் கைதானால் இன்று என்ன நடக்கும்? காலையில் பிரேக்கிங் நியூஸ், மதியம் கோர்ட் வாசலில் கேமரா, ராத்திரி விவாத மேடை. சோஷியல் மீடியாவில் ஆதரவாக ஒரு கூட்டம், எதிராக ஒரு கூட்டம். தீர்ப்பு வருவதற்கு முன்னாடியே ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு எழுதி முடித்திருப்பார்கள்.

இது ஏதோ புதுக்காலத்து வியாதி என்று நினைக்க வேண்டாம். டிவியே இல்லாத 1944-ல் தமிழ்நாட்டில் இப்படி ஒரு வழக்கு நடந்தது. கைதானவர் அன்றைய தமிழ் சினிமாவின் நம்பர் ஒன் நடிகர். அவர் படம் சென்னையில் ஹவுஸ்ஃபுல்லாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் போலீஸ் அவரைக் கைது செய்தது. படம் தொடர்ந்து ஓடியது. ஹீரோ மட்டும் ஜெயிலில் இருந்தார்.

அவர்தான் எம்.கே.தியாகராஜ பாகவதர். எம்.கே.டி. என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று தெரியும். இந்தத் தலைமுறைக்குப் புரிகிற மாதிரி சொல்லணும்னா, அந்தக் காலத்து ராக் ஸ்டார். குரல், உடை, தலைமுடி, மேடையில் வந்து நிற்கும் தோரணை என எல்லாவற்றுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். அவருடைய ஏற்றமும் வீழ்ச்சியும் எப்படி நடந்தது? ஜெயில்தான் அவரைக் கவிழ்த்ததா? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த பாகவதர்?

மாயவரம், அதாவது இன்றைய மயிலாடுதுறையில் 1910-ல் பிறந்தவர் தியாகராஜன். பொற்கொல்லர் குடும்பம். அப்பா பெயர் கிருஷ்ணமூர்த்தி. அதனால்தான் பெயருக்கு முன்னால் எம், கே என்ற இரண்டு எழுத்துகள். பிழைப்புக்காகக் குடும்பம் திருச்சிக்கு வந்தது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, பாட்டுதான் பிடித்தது. வீட்டில் கண்டித்ததால் ஓடிப்போனதாகவும், கடைசியில் கடப்பாவில் பாடிக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள்.

திருச்சியில் அப்போது எஃப்.ஜி.நடேச ஐயர் என்று ஒருவர் இருந்தார். ரயில்வே அதிகாரி, ஆனால் நாடகப் பைத்தியம். ரசிக ரஞ்சன சபாவை 1914-ல் தொடங்கியவர் அவர்தான். பையனின் குரலைக் கேட்டவர், தன்னுடைய அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். அரிச்சந்திரனின் மகன், பாம்பு கடித்துச் செத்துப்போகும் சிறுவன். அந்த வேஷத்தில் பாடியே ஜனங்களை அழவைத்தார் தியாகராஜன்.

அதற்குப் பிறகு முறையான பயிற்சி. மதுரை பொன்னு ஐயங்காரிடம் கர்நாடக சங்கீதம் கற்றார். அரங்கேற்றத்தில் கஞ்சிரா வாசித்தவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. அன்று சங்கீத உலகமே கைகட்டி நின்ற வித்வான். இந்தப் பையனை பாகவதர் என்று முதலில் அழைத்தவர் அவர்தான் என்பார்கள். அந்தப் பட்டம் கடைசி வரை பெயரோடு ஒட்டிக்கொண்டது.

மைக் இல்லாத மேடை

பாகவதர் பாட்டை இன்று யூடியூபில் கேட்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஏன் இவ்வளவு உச்சத்தில் பாடுகிறார்? காதல் பாட்டைக் கூட ஏன் இப்படி ஓங்கிப் பாடணும்?

எங்கள் வடக்கனந்தல் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்து ஊர்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதற்கான பதில் தெரியும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி ஆரம்பிக்கும் பாரதக் கூத்து விடியும்போதுதான் முடியும். முகவீணையும் மிருதங்கமும் ஒரு பக்கம், ஜனங்களின் சத்தம் இன்னொரு பக்கம். இரண்டையும் தாண்டிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் பாட்டு கேட்கணும். மைக் வருவதற்கு முன்னால் அதற்கு ஒரே வழி, குரலை மேலே தூக்குவதுதான். இந்தப் பகுதி அப்போது தென்னாற்காடு ஜில்லா. கூத்துக்குப் பேர்போன மண்.

பாகவதர் வந்தது கூத்திலிருந்து இல்லை. பார்சி நாடகங்களின் சாயலில், சங்கரதாஸ் சுவாமிகள் போன்றவர்கள் வளர்த்த இசை நாடக மேடையிலிருந்து. ஆனா விதி இரண்டுக்கும் ஒன்றுதான். வசனத்தை விட பாட்டு முக்கியம், நடிகருக்கு முதல் தகுதி குரல். அந்த மேடையின் பெரிய நட்சத்திரம் எஸ்.ஜி.கிட்டப்பா. அவர் 1933-ல் 30 வயதைக் கூடத் தொடாமல் இறந்துபோனார். அவர் விட்ட இடம் காலியாக இருந்தது. சரியாக அந்த நேரத்தில் தமிழ் சினிமாவும் பேசத் தொடங்கியிருந்தது.

நாடகத்திலிருந்து சினிமாவுக்கு

பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் ஜோடியாக நடித்த பவளக்கொடி நாடகம் செட்டிநாட்டுப் பக்கம் சக்கைப்போடு போட்டது. அர்ஜுனன் பவளக்கொடியை மணந்த கதை. நம்ம ஊர் கூத்துகளிலும் இந்தக் கதை உண்டு. நாடகத்தைப் பார்த்த இயக்குநர் கே.சுப்ரமணியம் அதே ஜோடியை வைத்து 1934-ல் படமாக எடுத்தார். படத்தில் சுமார் 50 பாட்டு! வசனத்துக்கு நடுவே பாட்டு என்பதை விட, பாட்டுக்கு நடுவே கொஞ்சம் வசனம் என்றே சொல்லலாம்.

அப்போது பின்னணிப் பாடகர் என்ற ஏற்பாடு வரவில்லை. நடிகர் கேமரா முன்னால் நின்று நடித்துக்கொண்டே பாடணும். வாத்தியக்காரர்கள் ஃபிரேமுக்கு வெளியே உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒரு சுருதி தவறினாலும் மொத்த ஷாட்டும் வீண், திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்கணும். சினிமாவில் நிலைக்க முகம் மட்டும் போதாத காலம் அது. பாகவதரிடம் முகமும் இருந்தது, குரலும் இருந்தது.

1937-ல் அடுத்தடுத்து இரண்டு படங்கள். ஒய்.வி.ராவ் இயக்கிய சிந்தாமணி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதை எடுத்த மதுரை ராயல் டாக்கீஸ்காரர்கள் அந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி, அதற்கு சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். அடுத்து அம்பிகாபதி. இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. வசனம் எழுதியது இளங்கோவன். கம்பர் மகனின் காதல் கதையை ஒரு அமெரிக்கர் எடுத்து, தமிழ்நாடே அதைக் கொண்டாடியது.

பிறகு திருநீலகண்டர் (1939), அசோக்குமார் (1941), சிவகவி (1943). இதில் அசோக்குமார் படத்தில் ஒரு சின்ன வேஷத்தில் வந்த இளைஞர் யார் தெரியுமா? எம்.ஜி.ஆர்.தான். பின்னாளில் தமிழ்நாட்டையே ஆளப்போகிறவர், பாகவதர் படத்தில் ஓரமாக நின்று கொண்டிருந்தார்.

பாட்டுகளில் இன்னொரு கூட்டணியும் உண்டு. பாபநாசம் சிவனின் பாட்டு, ஜி.ராமநாதன் போன்றவர்களின் இசை, பாகவதரின் குரல். கச்சேரி சபாக்களில் டிக்கெட் வாங்கி உட்கார வசதியில்லாதவர்களுக்கு, தெலுங்குக் கீர்த்தனை புரியாதவர்களுக்கு, ராகம் என்ற ஒன்றை டூரிங் டாக்கீஸ் மணல் தரையில் கொண்டு வந்து சேர்த்தது இந்தக் கூட்டணி. ராகத்தின் பெயர் தெரியாமலே வண்டியோட்டிகளும் நாற்று நடுகிறவர்களும் அந்த மெட்டுகளை முணுமுணுத்தார்கள். ஒரு வகையில் பெரிய கதவு ஒன்று திறந்தது என்றே சொல்லணும்.

பாகவதர் கிராப், பட்டு ஜிப்பா, வைரக் கடுக்கன்

புகழ் எந்த அளவுக்கு இருந்தது? தோளைத் தொடும் அவர் தலைமுடிக்கு பாகவதர் கிராப் என்றே பெயர் வந்தது. இளைஞர்கள் அதே மாதிரி முடி வளர்த்தார்கள். பட்டு ஜிப்பா, சரிகை அங்கவஸ்திரம், காதில் வைரக் கடுக்கன். தங்கத் தட்டில்தான் சாப்பிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் ரயிலில் வருகிறார் என்று தெரிந்தால் ஸ்டேஷனில் கூட்டம் கட்டுக்கடங்காது, ரயில் கிளம்பவே நேரமாகும் என்பார்கள். எது நிஜம், எது ஜனங்கள் சேர்த்த மசாலா என்று இப்போ பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆனா ஒரு மனிதரைப் பற்றி இவ்வளவு கதை கட்டப்பட்டதே அவர் எங்கே இருந்தார் என்பதைக் காட்டுகிறது.

எல்விஸ் பிரெஸ்லி முதல் ரெக்கார்டு போட்டது 1954-ல். அதற்கு 20 வருஷம் முன்னாடியே ஒரு பாடகரின் முடியையும் உடையையும் காப்பியடிக்கும் இளைஞர் கூட்டம் இங்கே இருந்தது.

உச்சம் ஹரிதாஸ். 1944 தீபாவளிக்கு வெளியானது. சுந்தர்ராவ் நட்கர்ணி இயக்கம், டி.ஆர்.ராஜகுமாரி ஜோடி, என்.எஸ்.கிருஷ்ணன் - டி.ஏ.மதுரம் காமெடி. பெற்றோரை உதாசீனம் செய்து, தாசி மோகத்தில் சொத்தை இழந்து, கால்களையும் இழந்து, கடைசியில் திருந்தும் ஒருவனின் கதை. சாருகேசி ராகத்தில் அமைந்த அந்தப் பாட்டு இன்றும் ரியாலிட்டி ஷோக்களில் ஒலிக்கிறது. சென்னை பிராட்வே தியேட்டரில் 1944, 1945, 1946 என 3 தீபாவளிகளைத் தாண்டி ஓடியது படம்.

அந்த மூன்றில் இரண்டு தீபாவளிகளை பாகவதர் ஜெயிலில் கழித்தார்.

யார் இந்த லட்சுமிகாந்தன்?

இப்போ கதையின் இன்னொரு மனிதருக்கு வருவோம். சி.என்.லட்சுமிகாந்தன். சினிமா தூது என்ற பத்திரிகை நடத்தியவர். நடிகர், நடிகைகளின் அந்தரங்கம்தான் பத்திரிகையின் சரக்கு. யார் வீட்டுக்கு யார் போனார், யாருக்கும் யாருக்கும் தொடர்பு என்ற ரகம். பெயர் வராமல் இருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு என்று அப்போதே பேசப்பட்டது. பத்திரிகையோ பரபரப்பாக விற்றது. திட்டிக்கொண்டே வாங்கிப் படித்தார்கள் ஜனங்கள். இன்றைய கிசுகிசு யூடியூப் சேனல்களை நினைத்துக்கொண்டால் போதும்.

அது இரண்டாம் உலகப் போர் காலம். பத்திரிகை நடத்த அரசு லைசென்ஸ் வேண்டும். பாகவதர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு மூன்று பேரும் அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். சினிமா தூதின் லைசென்ஸ் ரத்தானது. ஆனா லட்சுமிகாந்தன் ஓயவில்லை. இந்து நேசன் என்ற வேறு பத்திரிகையைக் கையில் எடுத்து, அதே வேலையை இன்னும் வேகமாகத் தொடர்ந்தார்.

அந்த மனுதான் பின்னால் மூவருக்கும் வினையானது. லட்சுமிகாந்தன் மேல் அவர்களுக்குப் பகை இருந்தது என்பதற்கு அதை விட வெளிப்படையான ஆதாரம் வேண்டாமே.

1944 நவம்பர் 8: வேப்பேரியில் நடந்தது

அன்று காலை வேப்பேரியில் தன் வக்கீலைப் பார்த்துவிட்டு கை ரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தார் லட்சுமிகாந்தன். வழியில் ரிக்‌ஷாவை மறித்து அவரைக் கத்தியால் குத்தினார்கள். சில வாரங்களுக்கு முன்பும் அவர் மேல் ஒரு தாக்குதல் நடந்து உயிர் தப்பியிருந்தார். இந்த முறை குத்துப்பட்ட நிலையிலும் வக்கீல் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் உயிர் பிரிந்தது.

ஹரிதாஸ் வெளியாகி ஒரு மாசம் கூட ஆகவில்லை. டிசம்பர் கடைசியில் பாகவதர், கலைவாணர், ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதானார்கள். ஆட்களை ஏவிக் கொலை செய்யச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கத்தியால் குத்தியதாக வேறு சிலர் மேல் வழக்கு. அப்ரூவராக மாறிய ஒருவரின் வாக்குமூலம் அரசுத் தரப்புக்குப் பெரிய பலமாக இருந்தது.

ஜூரி என்றால் என்ன?

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். அப்போது இந்தியாவில் ஜூரி முறை இருந்தது. பொதுமக்களில் இருந்து சிலரைத் தேர்ந்தெடுத்து கோர்ட்டில் உட்கார வைப்பார்கள். சாட்சியங்களைக் கேட்டுவிட்டு, குற்றவாளியா இல்லையா என்பதை அவர்கள் சொல்லணும். தண்டனையை நீதிபதி அறிவிப்பார். பம்பாயில் 1959-ல் நடந்த நானாவதி வழக்கு நினைவிருக்கலாம். அதற்குப் பிறகு இந்த முறை படிப்படியாக வழக்கொழிந்தது. இன்று கிடையாது.

ஜூரி முறையில் ஒரு சிக்கல் உண்டு. உட்கார்ந்திருப்பவர்களும் மனிதர்கள்தானே. அவர்களும் பேப்பர் படிப்பார்கள், டீக்கடைப் பேச்சைக் கேட்பார்கள். தமிழ்நாடே ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஜூரியில் இருப்பவர் காதில் மட்டும் விழாமல் போகுமா? ரசிகர் என்பதால் விட்டுவிடவும் வாய்ப்பு உண்டு, பெரிய மனுஷன் மாட்டினான் என்ற மனநிலையில் தண்டிக்கவும் வாய்ப்பு உண்டு.

சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் விசாரணை நடந்தது. கோர்ட்டைச் சுற்றிக் கூட்டம். 1945 மே 3-ம் தேதி தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. பாகவதரும் கலைவாணரும் குற்றவாளிகள் என்று ஜூரியில் பெரும்பான்மையினர் சொன்னார்கள். இருவருக்கும் ஆயுள் தண்டனை.

பாகவதருக்கு அப்போது வயது 35.

லண்டன் வரை போன வழக்கு

ஐகோர்ட்டில் செய்த அப்பீல் தோற்றது. சுப்ரீம் கோர்ட் என்ற ஒன்று அப்போது கிடையாது. கடைசிக் கதவு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியாவில் இருந்து போகும் வழக்குகளுக்கு அதுதான் உச்சபட்ச இடம். கடல் தாண்டி வழக்கு நடத்துவது என்றால் சும்மாவா? பெரிய பெரிய பாரிஸ்டர்கள், பெரிய பெரிய ஃபீஸ். பாட்டால் சேர்த்த சொத்து வழக்கில் கரைந்தது.

பிரிவி கவுன்சில் அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்லி சென்னை ஐகோர்ட்டுக்கே திருப்பி அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பல், ஷஹாபுதீன் அமர்வு விசாரித்தது. பிரபல வக்கீல் வி.எல்.எத்திராஜ் வாதாடினார். சென்னை எத்திராஜ் கல்லூரியை நிறுவியவர் இவர்தான். சாட்சியங்களை மறுபடி அலசிய நீதிபதிகள், இவற்றை வைத்துத் தண்டிக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். 1947 ஏப்ரலில் பாகவதரும் கலைவாணரும் குற்றமற்றவர்களாக வெளியே வந்தார்கள்.

கைதுக்கும் விடுதலைக்கும் நடுவே ஏறத்தாழ 28 மாசம். அதே ஆதாரம், அதே சட்டம்தான். 1945-ல் ஆயுள் தண்டனை கொடுத்த வழக்கு, 1947-ல் நிற்கவில்லை. சுதந்திரத்துக்கு 4 மாசம்தான் பாக்கி.

வெளியே வந்தபோது என்ன மாறியிருந்தது?

கைதாவதற்கு முன்னால் அவர் கையில் வரிசையாகப் பல படங்கள் ஒப்பந்தமாகியிருந்தன. ஜெயிலுக்குப் போனதும் எல்லாம் கலைந்தன. அவர் நடிக்க இருந்த உதயணன் படத்தில் கர்நாடக சங்கீத வித்வான் ஜி.என்.பாலசுப்ரமணியம் நடித்தார்.

விடுதலையான பாகவதர் சொந்தமாகவே படம் எடுக்க இறங்கினார். ராஜமுக்தி. ஷூட்டிங் புனேயில். வசனம் எழுதப் போனவர் எழுத்தாளர் புதுமைப்பித்தன். தமிழ் இலக்கியம் படித்த யாருக்கும் இந்தப் படத்தின் பெயரைக் கேட்டால் மனசு கனக்கும். புனேயில் இருந்தபோதுதான் அவருக்குக் காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30-ம் தேதி திருவனந்தபுரத்தில் இறந்தார், படம் வெளியாகும் முன்பே. எம்.ஜி.ஆர்., வி.என்.ஜானகி, பானுமதி என்று பெரிய கூட்டமே இருந்தும், எம்.எல்.வசந்தகுமாரி முதன்முதலாகப் பின்னணி பாடியும், 1948 கடைசியில் வந்த ராஜமுக்தி ஓடவில்லை.

அடுத்து அமரகவி, சியாமளா இரண்டும் 1952-ல். பிறகு அவரே இயக்கிய புதுவாழ்வு, 1957-ல். எதுவும் பழைய பாகவதரைத் திரும்பக் கொண்டு வரவில்லை. மொத்தம் 14 படங்களில் ஜெயிலுக்கு முன் 9, பின் 5. முதல் ஒன்பதில் பெரும்பாலானவை வெற்றி. கடைசி ஐந்தில் ஒன்று கூடப் பெரிய வெற்றி இல்லை.

ஜெயில்தான் காரணமா?

ஜெயில் பாகவதரை அழித்துவிட்டது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. ஆனா அதே வழக்கில் சிக்கிய மற்ற இருவரையும் பார்த்தால் கணக்கு கொஞ்சம் உதைக்கும்.

கலைவாணரும் அதே தண்டனை, அதே ஜெயில், அதே நாளில் விடுதலை. அவர் உள்ளே இருந்தபோது மனைவி மதுரம் நாடகக் குழுவையும் படத்தையும் தாங்கிப் பிடித்தார். வெளியே வந்த கலைவாணர் அண்ணா எழுதிய நல்லதம்பி (1949), பிறகு மணமகள் (1951) என்று மறுபடி ஜெயித்தார். காரணம் எளிது. அவருடைய ஆயுதம் பேச்சு. மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்யும் அந்தப் பேச்சுக்கு, திராவிட இயக்கம் வளர்ந்த காலத்தில் மதிப்பு கூடத்தான் செய்தது. ஸ்ரீராமுலு நாயுடுவோ கோவையில் பட்சிராஜா ஸ்டூடியோவை நடத்தி, 1954-ல் எம்.ஜி.ஆரை வைத்து மலைக்கள்ளன் எடுத்தார். அது மாபெரும் வெற்றி.

பாகவதருக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை? அவர் உள்ளே இருந்த காலத்திலும் அதைத் தொடர்ந்தும் சினிமாவில் மூன்று விஷயங்கள் மாறின.

ஒன்று, பின்னணிப் பாட்டு வேரூன்றியது. நடிக்கிறவரே பாட வேண்டிய கட்டாயம் போனது. பாட்டு பாடத் தெரியாதவரும் ஹீரோ ஆகலாம். பாகவதரின் முதல் தகுதியே தேவையில்லாமல் போனது.

இரண்டு, வசனம் ராஜாவானது. அண்ணாவின் வேலைக்காரி 1949-ல் வந்தது. அமரகவி வந்த அதே 1952-ல்தான் கலைஞர் வசனத்தில், சிவாஜி நடிப்பில் பராசக்தியும் வந்தது. ஒரு பக்கம் பாடும் கவிஞர், இன்னொரு பக்கம் கோர்ட்டில் சமூகத்தைக் கூண்டில் ஏற்றும் குணசேகரன். ஜனங்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

மூன்று, கதைக்களம் மாறியது. நாயன்மார், புராண ராஜா, பக்தி என்ற உலகத்தில் இருந்து வீடு, தெரு, வேலை, வறுமை என்று படங்கள் நகர்ந்தன. பாகவதரின் பட்டு அங்கவஸ்திரத்துக்கு அந்தத் தெருவில் இடமில்லை.

அவருடைய போட்டியாளர் பி.யு.சின்னப்பாவும் இப்படிப்பட்ட பாடும் நட்சத்திரம்தான். பாகவதர் ரசிகர்களும் சின்னப்பா ரசிகர்களும் அப்போது இரண்டு கட்சியாக இருந்தார்கள். சின்னப்பா 1951-ல் 35 வயதில் இறந்துபோனார். ஒரே தலைமுறை, ஒரே காலத்தில் முடிந்தது.

அப்படியென்றால் ஜெயிலுக்குப் பங்கே இல்லையா? நிச்சயம் இருக்கிறது. இந்த மாற்றங்கள் நடந்தபோது அவர் வெளியே இருந்திருந்தால், மெல்ல மெல்லத் தன்னையும் மாற்றிக்கொண்டிருக்கலாம். கையில் பணமும், காத்திருக்கத் தயாரிப்பாளர்களும், தவறு செய்து பார்க்க நேரமும் இருந்திருக்கும். அந்த 28 மாசம் பறித்துக்கொண்டது இதைத்தான். உள்ளே போகும்போது அவர்தான் சினிமா. வெளியே வரும்போது சினிமா வேறு எங்கோ போயிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அவர் குரல் வேறு ஒருவர் வழியாகப் பிழைத்தது. 1950-ல் கிருஷ்ண விஜயம் படத்தில் ஒரு மதுரை இளைஞர் அப்படியே பாகவதர் பாணியில் பாடி உள்ளே வந்தார். அவர்தான் டி.எம்.சௌந்தரராஜன். பின்னாளில் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் குரலாக இருந்தவர், பாகவதரைப் பாடிப் பாடித்தான் பழகியிருந்தார்.

கடைசி நாட்கள்

சினிமா கைவிட்டாலும் பாகவதர் பாடுவதை நிறுத்தவில்லை. கோயில்களுக்குப் போனார், ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். பழைய ரசிகர்கள் வந்து கேட்டார்கள். ஆனா உடம்பு ஒத்துழைக்கவில்லை. சர்க்கரை நோய், அதனோடு கல்லீரல் பாதிப்பு. 1959 அக்டோபரில் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர், நவம்பர் 1-ம் தேதி இறந்தார். 49 வயது. 15 வருஷம் முன்னாடி லட்சுமிகாந்தன் உயிர்விட்டதும் இதே ஆஸ்பத்திரியில்தான்.

உடல் திருச்சிக்குக் கொண்டு வரப்பட்டது. அவர் கடைசியாக நடித்த சிவகாமி அடுத்த வருஷம், அவர் இல்லாமல் வெளியானது. கலைவாணர் அதற்கு 2 வருஷம் முன்பே, 1957-ல் 48 வயதில் போய்விட்டார். திருச்சியில் பாகவதருக்குத் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் கட்டி, 2023-ல் திறந்து வைத்தது.

பதில் இல்லாத கேள்வி

பாகவதர் கதையைப் பேசும்போது ஒருவரை எல்லோரும் சுலபமாக மறந்துவிடுகிறோம். செத்துப்போன லட்சுமிகாந்தன். அவர் நடத்திய பத்திரிகை கேவலமானதாகவே இருக்கட்டும். மிரட்டிப் பணம் வாங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குக் கேஸ் போடலாம், ஜெயிலில் தள்ளலாம். பட்டப்பகலில் நடுரோட்டில் குத்திக் கொல்வது தண்டனை ஆகாது. அந்தக் கொலைக்குப் பின்னால் உண்மையில் யார் இருந்தார்கள் என்பது இன்று வரை தெளிவாகவில்லை. பிரபலங்கள் மேல் இருந்த வெளிச்சத்தில் விசாரணையின் மற்ற மூலைகள் இருட்டாகவே போனதோ என்ற சந்தேகம் இன்றும் எழுப்பப்படுகிறது.

ஆக, அந்த வழக்கில் தோற்றது இரண்டு தரப்பும். குற்றம் நிரூபிக்கப்படாமலே ஒரு கலைஞர் தன் உச்சகட்ட வருஷங்களை இழந்தார். கொலையான மனிதருக்கு நியாயம் கிடைக்கவே இல்லை. பரபரப்பாகப் பேசித் தீர்த்த பத்திரிகைகளும் டீக்கடைகளும் அடுத்த செய்திக்குப் போய்விட்டன.

ஹரிதாஸ் படம் இணையத்தில் கிடைக்கிறது. 80 வருஷப் பழைய பிரிண்ட், சத்தம் கொஞ்சம் கரகரக்கும். குதிரையில் வரும் பாகவதர் வாயைத் திறந்ததும் அந்தக் கரகரப்பு மறந்துபோகும். அந்த ஷாட் எடுக்கப்பட்டபோது அவருக்கு 34 வயது, அடுத்த வருஷம் என்ன காத்திருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, தியேட்டரில் விசில் அடித்தவர்களுக்கும் தெரியாது.